எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்: விலையில் மிச்சமானது எங்கே செலவாகிறது?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி, ஒரே நாளில் இரண்டு கேம் கன்சோல்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரியதான சீரிஸ் எக்ஸின் இந்திய விலை 49,990 ரூபாய். சிறியதான சீரிஸ் எஸ்ஸின் விலை 34,990 ரூபாய். அடுத்த பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 5, டிஸ்க் வசதியோடு 49,990 ரூபாய்க்கும், அந்த வசதி இல்லாமல் 39,990 ரூபாய்க்கும் விற்றது. ஆக, இந்த மூன்று பெயர்களில் எதைக் கேட்டாலும் எல்லாவற்றிலும் மலிவானது சீரிஸ் எஸ்தான். அதன் பிறகு விலை காலத்துக்குக் காலமும் கடைக்குக் கடையும் மாறி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 299 டாலருக்கு அறிமுகமான இதே கருவி 2025 அக்டோபரில் 399 டாலரைத் தொட்டுவிட்டது. வயது ஏற ஏறக் கன்சோல்களின் விலை குறைவதுதான் பழைய வழக்கம். இந்தத் தலைமுறையில் அது தலைகீழாகிவிட்டதால், மலிவு என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்கலாமா என்பதை இன்று முன்பைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கன்சோலின் விலையைக் குறைக்க வேண்டுமானால் ஏதாவது ஒன்றில் கை வைத்தே ஆக வேண்டும். சீரிஸ் எஸ்ஸில் மையச் செயலியில் ஏறக்குறைய கை வைக்கவே இல்லை. இரண்டு கன்சோல்களிலும் இருப்பது சிப் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஸென் 2 வகையைச் சேர்ந்த எட்டு கோர் செயலி. அதன் உச்ச வேகம் எக்ஸில் 3.8 கிகாஹெர்ட்ஸ், எஸ்ஸில் 3.6 கிகாஹெர்ட்ஸ். கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியின் வேகமும் இரண்டிலும் ஒன்றே, நொடிக்கு 2.4 ஜிபி. பெரிய வெட்டு விழுந்தது, திரையில் படம் வரையும் வரைகலைச் செயலியில். எக்ஸில் 52 கணிப்புப் பிரிவுகள் இயங்கும் இடத்தில் எஸ்ஸில் 20 மட்டுமே இருக்கின்றன. நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள் போடும் என்று விளம்பரங்களில் சொல்லப்படும் டெராஃப்ளாப்ஸ் அளவில் பார்த்தால் 12க்கு 4, அதாவது மூன்றில் ஒரு பங்கு.

கேட்டவுடன் இது பெரிய இழப்பாகத் தோன்றும். ஆனால் இந்த வெட்டுக்குப் பின்னால் சரியான கணக்கு ஒன்று இருக்கிறது. 4கே திரையில் பிக்சல்கள் எனப்படும் படப் புள்ளிகள் ஏறத்தாழ 83 லட்சம் உண்டு. 1440பி திரையில் 37 லட்சம். 1080பி திரையில் 21 லட்சம்தான். எதிரிகள் எப்படி நகர வேண்டும், மோதிய கார் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது மையச் செயலி. அந்த வேலை திரையின் அளவைப் பொறுத்துக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. படம் வரையும் வேலை மட்டுமே பிக்சல்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஆகவே 4கே தொலைக்காட்சி இல்லாத வீட்டுக்கு 4கே வரைவதற்கான வலிமை தேவையில்லை, அதற்கான பணத்தையும் வாங்க வேண்டாம் என்று வடிவமைப்பாளர்கள் நினைத்திருக்கிறார்கள். இந்த நினைப்பில் தவறு இல்லை. நம் வீடுகளில் இன்றும் 32 அங்குல, 43 அங்குலத் தொலைக்காட்சிகளே பெருவாரியாகக் காணப்படுகின்றன. சோபாவில் உட்கார்ந்து ஆறேழு அடி தூரத்திலிருந்து பார்க்கும்போது 1440பிக்கும் 4கேக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய கேமை எடுத்துக்கொள்வோம். சீரிஸ் எஸ்ஸில் அதற்கு இரண்டு முறைகள் தரப்பட்டிருக்கின்றன. ஒன்றில் படம் 1440பி தெளிவில், நொடிக்கு 30 பிரேம்களில், அதாவது நொடிக்கு 30 முறை மாறும் படங்களாக ஓடும்; மற்றதில் தெளிவு 1080பிக்கு இறங்கி, பிரேம்கள் 60ஆக ஏறும். முதல் முறையில் மெக்சிகோவின் சாலையோரப் புதர்களும் காரின் பளபளப்பில் பிரதிபலிக்கும் மேகங்களும் நின்று பார்க்கத் தூண்டும். இரண்டாவது முறைக்கு மாறியதும் தூரத்துப் புல்வெளி கொஞ்சம் கலங்கித் தெரிகிறது, மரக்கிளைகளின் ஓரங்கள் மெல்லத் துடிக்கின்றன. ஆனால் வளைவில் பிரேக்கை அழுத்தும் கணத்துக்கும் கார் அதற்குப் பணியும் கணத்துக்கும் நடுவே இருந்த தயக்கம் காணாமல் போகிறது. நான் 43 அங்குலத் திரையில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு 60 பிரேம்களிலேயே நின்றுவிட்டேன். பந்தய கேம்களிலும் சுடும் கேம்களிலும் கை உணர்வதுதான் முதலில், கண் பார்ப்பது பிறகு.

எல்லா கேம்களும் இப்படி நியாயமாக நடந்துகொள்வதில்லை. சைபர்பங்க் 2077க்கு 60 பிரேம் முறையை 2022இல்தான் கொடுத்தார்கள். அதற்கு விலையாகத் தெளிவு 900பிக்கு இறங்கியது. எ பிளேக் டேல்: ரெக்வியம் அதே 900பியில் 30 பிரேம்களில்தான் ஓடுகிறது. ஸ்டார்ஃபீல்டு வெளியானபோது 1440பி, 30 பிரேம்தான்.  900பி படத்தைப் பெரிய 4கே திரையில் விரித்துப் பார்த்தால் முடி, இலை, கம்பி வேலி போன்ற நுண்ணிய பொருள்கள் எல்லாம் கரைந்து குழம்பித் தெரியும். 55 அங்குலத்துக்கு மேற்பட்ட திரை வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளிலேயே கவனித்துவிடுவார்கள். மறுபக்கம், 2024 டிசம்பரில் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழல் அமைக்கும் நுட்பத்தோடும் கூட, இந்தச் சிறு பெட்டியில் 60 பிரேம்களில் ஓடுகிறது. மேற்பரப்புகளின் நுணுக்கத்தைத் தாராளமாகக் குறைத்திருக்கிறார்கள். இருந்தும் கேம் கேமாகவே இருக்கிறது. உருவாக்குபவர்கள் இதற்கென்று உட்கார்ந்து உழைத்தால் நல்ல பலன் கிடைக்கும், கடைசி நேரத்தில் ஒப்பேற்றினால் அதுவும் அப்படியே தெரியும்.

வரைகலையை வெட்டியதில் எனக்குப் புகார் இல்லை. நினைவகத்தை வெட்டியதில்தான் மனம் ஒப்பவில்லை. சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி நினைவகம். எஸ்ஸில் 10 ஜிபி. அந்தப் பத்திலும் 8 ஜிபி மட்டுமே வேகமானது, அதுவும் நொடிக்கு 224 ஜிபி என்ற அளவில்தான். மீதி 2 ஜிபி, நொடிக்கு 56 ஜிபி என்று மிகவும் மெதுவானது. படத்தின் தெளிவைக் குறைத்தால் நினைவகத் தேவை ஓரளவு குறையும் என்பது உண்மை. ஆனால் கேமின் உலகம், அதில் உலவும் பாத்திரங்கள், அவர்களின் அசைவுகள், ஒலிகள் ஆகியவற்றின் தரவு தெளிவைப் பொறுத்துச் சுருங்குவதில்லை. சமையல் மேடை சிறிதாக இருந்தால், பரிமாறும் அளவைக் குறைப்பதால் மட்டும் அதில் இடம் கிடைத்துவிடாது. சமைக்கும் பாத்திரங்கள் அத்தனையும் மேடையில் இருந்தே ஆக வேண்டும். கேம் உருவாக்குபவர்களின் முறையீடுகள் மைக்ரோசாஃப்டின் காதிலும் விழுந்திருக்கிறது. 2022 ஜூன் மாதம், எஸ்ஸுக்கான கேம்களுக்குச் சில நூறு மெகாபைட் நினைவகத்தைக் கூடுதலாக விடுவித்துக் கொடுத்தார்கள். சில நூறு மெகாபைட்டுக்காக ஓர் அறிவிப்பே வெளியிட வேண்டியிருந்தது என்பதிலிருந்து நெருக்கடியின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இதன் விளைவு 2023இல் வெளிப்படையாகவே தெரிந்தது. பால்டர்ஸ் கேட் 3 ஆகஸ்ட்டில் கணினிக்கும் செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு வர டிசம்பர் ஆகிவிட்டது. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் விளையாடும் வசதியைச் சீரிஸ் எஸ்ஸில் இயக்க முடியாததுதான் தடை. எக்ஸில் இருக்கும் வசதி எஸ்ஸிலும் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. கடைசியில் அந்த ஒரு கேமுக்கு விலக்கு கொடுத்து, எஸ்ஸில் திரைப் பிரிப்பு இல்லாமலே வெளியிட அனுமதித்தார்கள். கேமை உருவாக்கிய லேரியன் நிறுவனம் அதோடு விட்டுவிடாமல், 2025 ஏப்ரலில் வந்த எட்டாவது மேம்படுத்தலில் அந்த வசதியை எஸ்ஸுக்கும் கொண்டுவந்து சேர்த்தது பாராட்டுக்குரியது. பிளாக் மித்: வூகாங் 2024 ஆகஸ்ட்டில் கணினியிலும் பிளேஸ்டேஷன் 5இலும் வெளியாகி, எக்ஸ்பாக்ஸை அடைய ஓர் ஆண்டு பிடித்தது, அதன் இயக்குநர் ஃபெங் ஜி, பத்து ஜிபி நினைவகத்துக்குள் கேமை அடக்குவது எவ்வளவு கடினம் என்று இடையில் வெளிப்படையாகவே சொன்னார்.

இதையெல்லாம் காட்டி, மலிவான கன்சோல் விலை உயர்ந்த கன்சோலையும் கீழே இழுக்கிறது என்று சீரிஸ் எக்ஸ் வைத்திருப்பவர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்கிறோம். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் எஸ் வாங்கியவரின் பக்கமிருந்து பார்த்தால், அந்த விதிதான் அவருக்குக் காவல். அந்த விதி இல்லையென்றால், கேம் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக எஸ்ஸைக் கைவிட்டு, வாங்கிய மூன்றாம் வருடமே அது பரணுக்குப் போயிருக்கும். அப்படி நடக்கவில்லை. தாமதமாகவோ சற்று மங்கலாகவோ வந்தாலும், எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கென்று வரும் கேம் இந்தப் பெட்டிக்கும் வருகிறது.

நினைவகக் குறைவு இன்னொரு இடத்திலும் கடிக்கிறது; இதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. பழைய எக்ஸ்பாக்ஸ் கேம்கள் ஏராளமாக இந்தக் கன்சோலில் ஓடும் என்பது உண்மையிலேயே இதன் பெரிய பலம். முதல் எக்ஸ்பாக்ஸ், 360, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று மூன்று தலைமுறைகளின் கேம்கள் கிடைக்கின்றன. ஆனால் எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்களில் 4கேக்கென்று மேம்படுத்தப்பட்ட வடிவம் இருந்தால், அதை இயக்க எஸ்ஸில் நினைவகம் போதாது. சாதாரண எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வடிவமே ஓடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இதற்குச் சரியான சான்று. சீரிஸ் எக்ஸில் அது 4கேயில் மின்னும். எஸ்ஸில் 864பியில், 30 பிரேம்களில் ஓடும். பனி மூடிய மலையடிவாரத்தில் தொடங்கும் அந்த கேமின் முதல் காட்சியிலேயே குதிரையின் பிடரி மயிர் பூசினாற்போலத் தெரிகிறது. ஏற்றும் நேரம் குறைகிறது, பிரேம்கள் தடுமாறுவதில்லை, அவ்வளவுதான் ஆதாயம்.

சேமிப்பிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வந்த வெள்ளை நிறக் கருவியில் 512 ஜிபி என்று பெட்டியில் போட்டிருக்கும்; கேம்களுக்கு மிஞ்சுவது 364 ஜிபி. கால் ஆஃப் டியூட்டி ஒன்றே நூறு ஜிபியைத் தாண்டிவிடும் காலத்தில், பெரிய கேம்கள் நான்கைக்கூட நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியாது. கூடுதல் இடத்துக்குத் தனி வகைக் கார்டைத்தான் பின்பக்கம் செருக வேண்டும்; முதலில் அதைத் தயாரித்தது சீகேட் நிறுவனம் மட்டுமே. அறிமுகமானபோது 1 டெராபைட் கார்டின் விலை 220 டாலர், கன்சோலின் விலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. 2023இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் களத்துக்கு வந்த பிறகே போட்டி என்று ஒன்று உண்டானது. சாதாரண யுஎஸ்பி ஹார்டு டிஸ்கைச் செருகினால் எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்துக் கேம்களை அதிலிருந்தே விளையாடலாம். புதிய தலைமுறைக் கேம்களை அதில் போட்டு வைக்கலாமே தவிர, விளையாடும் முன் உள்ளே நகர்த்தியாக வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த கறுப்பு நிறக் கருவி 1 டெராபைட் கொண்டது, கைக்கு 802 ஜிபி கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் 1 டெராபைட் கொண்டதையே வாங்க வேண்டும். அந்த விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிப்பது பிற்பாடு கார்டு வாங்கக் கொடுக்கும் தொகையில் மும்மடங்காகப் போய்விடும்.

இனி, என் பார்வையில் இந்தக் கருவியின் ஆகப் பெரிய சமரசத்துக்கு வருகிறேன். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடம் கிடையாது. வெளியிலிருந்து இணைத்துக்கொள்ளவும் வழி இல்லை.

மேலை நாடுகளில் எழுதப்படும் மதிப்புரைகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இந்தியாவில் கன்சோல் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் இத்தனை காலமும் இந்தச் செலவை எப்படிச் சமாளித்து வந்தன என்பதை அறிந்தவர்களால் அப்படிக் கடக்க முடியாது. பெரிய நிறுவனங்களின் புதிய கேம் ஒன்று இங்கே 4,000 முதல் 5,000 ரூபாய் வரை விற்கிறது. மாதச் சம்பளக்காரர் யாரும் இந்த விலைக்கு வருடம் முழுவதும் கேம் வாங்கிக் குவிப்பதில்லை. ஒரு டிஸ்க்கை வாங்கி, முடித்து, விற்று, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அடுத்ததை வாங்குவார்கள். அல்லது நண்பர்கள் நால்வர் ஆளுக்கொன்று வாங்கித் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் கடைகளில் பழைய டிஸ்க்குகள் கை மாறுவதை எத்தனையோ பேர் பள்ளி நாள்களிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். 4,500 ரூபாய்க்கு வாங்கிய கேமை ஒரு மாதத்தில் 3,000 ரூபாய்க்கு விற்க முடிந்தால், அந்த கேமின் உண்மையான செலவு 1,500 ரூபாய்தான். சீரிஸ் எஸ்ஸில் 4,500 என்றால் 4,500தான். விற்க முடியாது, தம்பிக்கோ நண்பனுக்கோ கொடுத்தனுப்ப முடியாது, பழையதாக வாங்கவும் முடியாது. பத்து கேம்கள் வாங்குவதற்குள், டிஸ்க் உள்ள கன்சோலுக்கும் இதற்கும் இருந்த 15,000 ரூபாய் வித்தியாசம் காணாமல் போய்விடும்.

வீட்டில் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து டிஸ்க்குகளை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே ஏமாற்றம் காத்திருக்கிறது. சீரிஸ் எக்ஸில் போட்டால் ஓடக்கூடிய அந்தப் பழைய டிஸ்க்குகள் இங்கே வெறும் தட்டுகள். கிரிக்கெட் 24 போன்ற கேமைக் கடையில் டிஸ்க்காகப் பார்த்துவிட்டு ஆசையோடு எடுத்து வந்தாலும் பயன் இல்லை. எக்ஸ்பாக்ஸின் இணையக் கடையில் அவர்கள் வைத்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். அங்கே தள்ளுபடி விற்பனை அடிக்கடி வருகிறது, பழைய கேம்கள் பாதி விலைக்கும் கீழே இறங்குகின்றன என்பதை மறுக்கவில்லை. பொறுமையாகக் காத்திருந்து வாங்குபவருக்கு அது கைகொடுக்கும். ஆனால் ஒரே கடை, ஒரே விலை என்ற நிலையில் பேரம் பேச யாரும் இல்லை.

எல்லாம் பதிவிறக்கத்தில்தான் என்பதால் இணைய இணைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நூறு ஜிபி கேம் ஒன்று 100 மெகாபிட் இணைப்பில் இறங்கி முடிய இரண்டேகால் மணி நேரம் ஆகும். 30 மெகாபிட் இணைப்பில் ஏழரை மணி நேரம். ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் இது ஒரு பொருட்டில்லை. கைபேசியின் அன்றாட டேட்டாவைப் பகிர்ந்து சமாளிக்கும் வீட்டில் இந்தக் கன்சோல் வேலைக்கு ஆகாது.

டிஸ்க் இல்லாத குறைக்கு மைக்ரோசாஃப்ட் முன்வைக்கும் மாற்று கேம் பாஸ் என்னும் மாதச் சந்தா. சீரிஸ் எஸ் வெளிவந்தபோது இதைப் பரிந்துரைத்தவர்கள் அத்தனை பேரும் கேம் பாஸையும் சேர்த்தே பரிந்துரைத்தார்கள். அன்று அது நியாயமான பரிந்துரைதான். இன்று விலைப் பட்டியல் வேறு. எல்லா வசதிகளும் கொண்ட அல்டிமேட் சந்தா இந்தியாவில் 2023இல் மாதம் 549 ரூபாயாகவும், 2024இல் 829 ரூபாயாகவும் ஏறி, 2025 அக்டோபரில் ஒரே தாவலில் 1,389 ரூபாயானது. அந்த விலையில் வருடத்துக்கு 16,668 ரூபாய். இரண்டு வருடம் கட்டினால் 33,336 ரூபாய். கன்சோலின் அறிமுக விலையையே மீண்டும் ஒரு முறை கொடுத்தது போலாகிவிடுகிறது. இவ்வளவும் கொடுத்த பிறகு சந்தாவை நிறுத்தினால் கையில் ஒரு கேமும் மிஞ்சாது.

புதிய கேம்களை வெளியான நாளிலேயே விளையாட வேண்டும் என்பவர்களுக்கே அல்டிமேட் தேவைப்படும். மற்றவர்கள், 2025 அக்டோபரில் மாதம் 699 ரூபாய் என்று விலை வைக்கப்பட்ட பிரீமியத்தைப் பார்க்கலாம். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட கேம்கள் உள்ளன. எக்ஸ்பாக்ஸின் சொந்த வெளியீடுகள், கால் ஆஃப் டியூட்டி நீங்கலாக, வெளிவந்த ஓராண்டுக்குள் வந்து சேரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த விலையில் வருடச் செலவு 8,388 ரூபாய், அதாவது புதிய கேம்கள் இரண்டின் விலை. மாதத்துக்கு ஒரு கேமாவது தொட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இதில் நஷ்டமே இல்லை. இணையத்தில் மற்றவர்களோடு விளையாட மட்டும் சந்தா வேண்டுமென்றால், அப்போது 499 ரூபாயாக இருந்த எசென்ஷியல் போதும். ஃபோர்ட்நைட், வார்ஸோன், ராக்கெட் லீக் போன்ற இலவச கேம்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து எந்தச் சந்தாவும் தேவையில்லை. பிள்ளைகள் ஃபோர்ட்நைட்டையும் ரோப்லாக்ஸையும் தவிர வேறெதையும் கேட்காத வீடுகள் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுக்கு இதைவிடச் சிக்கனமான புதிய தலைமுறைக் கன்சோல் கிடையாது என்று தயங்காமல் சொல்வேன்.

குடும்பங்களுக்கு உதவும் இன்னொரு ஏற்பாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். உங்கள் கணக்குக்கு இதையே வீட்டு எக்ஸ்பாக்ஸாக அமைத்துவிட்டால், நீங்கள் வாங்கிய கேம்களையும் சந்தாவின் பலன்களையும் அந்தக் கருவியில் நுழையும் மற்றவர்களும் தத்தம் கணக்கிலேயே அனுபவிக்கலாம்; அண்ணன் சேமித்து வைத்த இடத்தைத் தம்பி அழித்துவிட்டான் என்ற சண்டைக்கு இடமிருக்காது. இணையம் துண்டிக்கப்பட்ட நேரத்திலும் வாங்கிய கேம்கள் திறக்க வேண்டுமானால் இந்த அமைப்பு அவசியம். கருவியை வாங்கிய அன்றே செய்துவிட வேண்டிய வேலை இது.

அன்றாடப் புழக்கத்தில் சீரிஸ் எஸ் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு, நீளம் 27.5, அகலம் 15.1, தடிமன் 6.5 சென்டிமீட்டர். மின்மாற்றி உள்ளேயே இருப்பதால் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்த செங்கல் போன்ற அடாப்டர் இல்லை. டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து நாம் அறிந்த அந்த மெல்லிய எட்டு வடிவ வயர் ஒன்றுதான். ஊருக்குப் போகும்போது துணிப் பையில் கன்ட்ரோலரோடு சேர்த்து வைத்து எடுத்துப் போகலாம். மேற்பரப்பில் ஒலிபெருக்கி போலத் தெரியும் கறுப்பு வட்டம் உண்மையில் சூடான காற்று வெளியேறும் வாய். அதன் மேல் தொலைக்காட்சி ரிமோட்டையோ துணியையோ வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் ஓடும்போதுகூட விசிறியின் சத்தம் மேலே சுழலும் மின்விசிறியின் சத்தத்தைத் தாண்டி வருவதில்லை.

கேம் ஓடும்போது சுமார் 70 முதல் 80 வாட் மின்சாரமே எடுக்கிறது. சீரிஸ் எக்ஸும் பிளேஸ்டேஷன் 5ம் இதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் எடுக்கக்கூடியவை. மின்தடை வரும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. ஒரு சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தொலைக்காட்சியையும் இதையும் சேர்த்துத் தாங்கும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் முறைக்கு மாற்றும் பொத்தான் இருந்தால் அதில் வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் மின்சாரம் மாறும் அந்தக் கண நேரத்தில் கன்சோல் அணைந்துவிடக்கூடும். குவிக் ரெஸ்யூம் என்ற வசதி, இடையில் நிறுத்திய பல கேம்களை விட்ட இடத்திலிருந்தே சில நொடிகளில் திறந்து கொடுக்கிறது. அது எஸ்எஸ்டியில் எழுதி வைக்கப்படுவதால் வயரைப் பிடுங்கினாலும் அழிவதில்லை. ஆனால் மின்சாரம் போன தருணத்தில் ஓடிக்கொண்டிருந்த கேமை அது காப்பாற்றாது. இணையத்தில் ஆடும் கேம்களுக்கும் அது உதவாது, மறுபடி இணைந்தாக வேண்டும்.

கன்ட்ரோலர் கைக்கு அடக்கமானது. பிடியிலும் விசைகளிலும் உள்ள நுண்புள்ளிகள் வியர்த்த கையிலும் வழுக்குவதில்லை. அதில் இன்னும் இரண்டு ஏஏ பேட்டரிகள் போட வேண்டியிருப்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். மறுமின்னேற்றம் செய்யும் பேட்டரிகள் நான்கு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால், பத்து வருடம் ஆனாலும் உள்ளிருக்கும் பேட்டரி செத்துக் கன்ட்ரோலரே பயனற்றுப் போகும் கவலை இல்லை. பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்களும் புதிய கேம்களிலேயே வேலை செய்கின்றன என்பதால் இரண்டாவது ஆளுக்குப் பழையது ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 5இல் அதற்கான கேம்களைப் பிஎஸ்4 கன்ட்ரோலரைக் கொண்டு ஆட முடியாது.

இத்தனையும் வைத்துப் பார்க்கும்போது, வருடத்துக்கு மூன்று நான்கு பெரிய கேம்களை டிஸ்க்கில் வாங்கி விற்று ஆடும் பழக்கம் உள்ளவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிளேஸ்டேஷன் 5இன் டிஸ்க் வடிவத்துக்குச் சில மாதங்கள் பணம் சேர்ப்பதே அவருக்கு நல்லது, பழைய டிஸ்க் சந்தையும் அதற்குத்தான் இங்கே பெரியது. காட் ஆஃப் வார் போன்ற சோனியின் கதைக் கேம்களுக்காகக் கன்சோல் வாங்குபவரும் அங்கேதான் போக வேண்டும். 1080பி தொலைக்காட்சியும் நல்ல இணைய இணைப்பும் இருந்து, இலவச கேம்கள், பிரீமியம் சந்தா, தள்ளுபடியில் வாங்கும் பழைய கேம்கள் என்று திட்டமிட்டு ஆடுபவருக்குச் சீரிஸ் எஸ் கொடுத்த பணத்துக்கு மேலேயே உழைக்கும். ஏற்கெனவே கேமிங் கணினியோ பிளேஸ்டேஷனோ வைத்திருந்து, படுக்கையறைக்கு இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்பவருக்கும் இது பொருந்தும்.

பழையதாக வாங்க நினைப்பவர்கள் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். விதிமீறலுக்காக மைக்ரோசாஃப்டின் வலையமைப்பிலிருந்து கருவியே விலக்கப்படுவது உண்டு. டிஸ்க் உள்ள கன்சோலென்றால் அப்படிப்பட்டதையும் ஏதோ ஒரு வகையில் பயன்படுத்தலாம். இணையக் கடைக்குள் நுழைய முடியாத சீரிஸ் எஸ்ஸில் ஒரு கேமைக்கூட ஏற்ற வழி இருக்காது. ஆகவே பணத்தைக் கொடுக்கும் முன், விற்பவர் முன்னிலையிலேயே கைபேசியின் இணைப்பைப் பகிர்ந்து, பழைய கணக்குகளை நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் நுழைந்து, சிறிய இலவச கேம் ஒன்றைப் பதிவிறக்கி, அது திறந்து ஓடும் வரை பார்த்துவிட்டு வாங்குங்கள்.